முதல் ஓட்டத்திலேயே எல்லாம் பச்சை: ஒரு ஜேசன் லைப்ரரியை இணக்கச் சோதனைக்குக் கொண்டுபோன அனுபவம்

டிசிகே என்ற இணக்கச் சோதனைத் தொகுப்பை எங்கள் ஜேசன் லைப்ரரிமீது முதல் தடவை ஓட்டியபோது ஒரு டெஸ்ட்கூட விழவில்லை. எனக்குப் பயம் வந்ததே அதைப் பார்த்துத்தான். ஏனென்றால் மெர்ஜ் பேட்ச் பகுதியை நாங்கள் அப்போது எழுதியே முடிக்கவில்லை. அந்த மெத்தட்களுக்குள் "இன்னும் ஆதரவு இல்லை" என்று எக்ஸப்ஷன் எறியும் ஒற்றை வரிதான் இருந்தது. அது எப்படித் தேறும்?

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ஜாவா லைப்ரரி எழுதிவருகிறோம். ஜகார்த்தா ஜேசன் ப்ராசஸிங் என்ற வரையறையின் 2.1 பதிப்பைச் செயல்படுத்துவது அதன் வேலை: ஜேசன் என்ற தரவு வடிவத்தைப் படிப்பது, எழுதுவது, அப்புறம் அதற்குள் ஓர் இடத்தைச் சுட்டும் பாயின்டர், அதை மாற்றும் பேட்ச், மெர்ஜ் பேட்ச் என்று ஆர்எஃப்சி (இணையத் தர ஆவணம்) 6901, 6902, 7396 சொல்வதையெல்லாம் செய்வது. வரையறைப்படி எழுதிவிட்டோம் என்று நாமே சொல்லிக்கொண்டால் போதாது. அதற்கென்று ஒரு சோதனைத் தொகுப்பு இருக்கிறது, அதைத்தான் டிசிகே என்பார்கள். அதில் முழுதாகத் தேறினால்தான் "இணக்கமானது" என்ற சொல்லை வெளியே பயன்படுத்த முடியும். இரண்டு வார இறுதிகளில் முடியும் என்று நினைத்து இறங்கியது நான்கு மாதம் இழுத்தது. அதில் பாதிக்கு மேல் உரிமத்தைப் படிப்பதற்கும், படித்ததற்கு ஏற்ப பில்டை (நிரலைத் தொகுத்துச் சோதித்து வெளியிடும் ஏற்பாட்டை) மாற்றி அமைப்பதற்கும்தான் போனது. இந்த வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு அந்தப் பாதிதான் அதிகம் உதவும் என்பதால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

சரி, அந்தப் பொய்ப் பச்சைக்கு வருவோம். வரையறை சொல்லும் கிளாஸ்கள், மெத்தட்களின் தொகுப்பைத்தான் ஏபிஐ என்கிறேன். அதன் நுழைவாயில் ஜேசன்ப்ரொவைடர் என்ற கிளாஸ். அது ஜாவாவின் சர்வீஸ்லோடர் வழியாக, கிளாஸ்பாத்தில் (நிரல்களை ஜாவா தேடும் இடங்களின் பட்டியலில்) யார் தங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று தேடும். யாரும் இல்லையென்றால், இதே வரையறையைச் செயல்படுத்தும் எக்லிப்ஸ் பார்சன் என்ற வேறொரு செயலாக்கத்தின் கிளாஸை எடுத்துக்கொள்ளும், அதன் பெயர் ஏபிஐக்குள்ளேயே எழுதியிருக்கிறது. எங்கள் ஜாரில் (லைப்ரரியை அடைத்துத் தரும் ஃபைலில்) பதிவு ஃபைல் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு பழைய திட்டத்திலிருந்து நகலெடுத்த ஃபைல் என்பதால் அதன் பெயர் இன்னும் "ஜாவாஎக்ஸ்" என்று ஆரம்பித்தது. இப்போது அது "ஜகார்த்தா" என்று ஆரம்பிக்க வேண்டும். அதனால் லோடர் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. வேறொரு லைப்ரரிக்குத் தேவைப்பட்டதால் பார்சன் ஏற்கெனவே கிளாஸ்பாத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. ஆக, டிசிகே சோதித்தது எங்கள் நிரலை அல்ல, பார்சனை. பார்சன் தேறாமல் என்ன செய்யும்?

இந்தப் பெயர் மாற்றத்துக்குப் பின்னால் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. ஆரக்கிள் நிறுவனம், பெருநிறுவன மென்பொருளுக்கான ஜாவா வரையறைகளின் தொகுப்பான ஜாவா இஇயை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுக்கப்போவதாக 2017இல் அறிவித்தது. நிரல் வந்துவிட்டது, ஆனால் ஜாவா என்ற வணிகக் குறியும் "ஜாவாஎக்ஸ்" என்ற பேக்கேஜ் பெயரை விருப்பம்போல் மாற்றிப் பயன்படுத்தும் உரிமையும் கூடவே வரவில்லை. இரண்டு தரப்பும் பேசிப் பார்த்தும் உடன்பாடு ஏற்படவில்லை என்று 2019 மே மாதம் தெரிவித்தார்கள். அதனால் ஜாவா இஇ ஜகார்த்தா இஇ என்று பெயர் மாறி, 2020 டிசம்பரில் வந்த அதன் 9ஆம் பதிப்பில் பேக்கேஜ் பெயர்கள் எல்லாம் ஒரேயடியாக மாறின. வணிகக் குறி உரிமை பற்றிய ஒரு பேச்சுவார்த்தை முறிந்தது, சில வருடம் கழித்து எங்கள் ஜாருக்குள் ஒரு ஃபைலின் பெயராக வந்து நின்றது. இந்த வேலையில் சட்டத்தையும் நிரலையும் தனித்தனி மேசையில் வைத்துப் பார்க்க முடியாது என்று எனக்கு முதலில் உறைத்த இடம் இதுதான்.

சரிசெய்தது இப்படி. டெஸ்ட் ஆரம்பிக்கும் முன்னால் ப்ரொவைடர் கிளாஸின் முழுப் பெயரையும், அது எந்த ஜாரிலிருந்து ஏறியது என்பதையும் லாகில் அச்சிடும் ஒரு சின்ன நிரல் சேர்த்தோம். அந்த ஜார் எங்களுடையது இல்லையென்றால் பில்ட் அங்கேயே நிற்கும். டெஸ்ட் ஓடும் கிளாஸ்பாத்திலிருந்து பார்சனை வெளியேற்றினோம். அப்புறம் வேண்டுமென்றே எங்கள் பார்சரில் (ஜேசனைப் படிக்கும் பகுதியில்) "ட்ரூ" என்பதை "ஃபால்ஸ்" என்று திருப்பிக் கொடுக்கும்படி மாற்றி ஒரு தடவை ஓட்டினோம். சிவப்பு வந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகுதான் இந்த மேடை நம் நிரலைத்தான் சோதிக்கிறது என்று நம்பினேன். எந்த இணக்கச் சோதனையாக இருந்தாலும், முதலில் ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பத்து நிமிட வேலைதான்.

உடைத்ததைத் திரும்பச் சரியாக்கி உண்மையான முதல் ஓட்டத்தை ஓட்டினோம். நிறையச் சிவப்பு. பெரும்பாலானவை நாங்கள் எதிர்பார்த்தவைதான், எழுதாத பகுதிகள். எதிர்பாராத இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, சிக்னேச்சர் டெஸ்ட். இது எந்தச் செயல்பாட்டையும் ஓட்டிப் பார்க்காது. பொது ஏபிஐயின் உருவத்தை மட்டும் அளக்கும். கிளாஸ்கள், மெத்தட்கள், அவற்றின் வகைகள், எறியும் எக்ஸப்ஷன்கள் எல்லாம் பதிந்து வைத்த ஃபைலோடு அப்படியே பொருந்த வேண்டும். ஒன்று குறைந்தாலும் தவறு, ஒன்று கூடினாலும் தவறு. ஏபிஐ இன்டர்ஃபேஸ்களை நாங்கள் எங்கள் நிரல் களஞ்சியத்திலேயே வைத்திருந்தோம். எங்களில் ஒருவர் வசதிக்காக ஜேசன்ஆப்ஜெக்டில் ஒரு டீஃபால்ட் மெத்தட் சேர்த்திருந்தார், மிக உபயோகமான மெத்தட். அதுதான் மாட்டியது. அவருக்கு வருத்தம்: "கூடுதலா ஒண்ணு குடுத்தா யாருக்கு என்ன நஷ்டம்?" நஷ்டம் இருக்கிறது. அந்த மெத்தடை நம்பி ஒருவர் நிரல் எழுதிவிட்டால், நாளைக்கு அவர் வேறொரு செயலாக்கத்துக்கு மாறும்போது அவருடைய நிரல் கம்பைலே ஆகாது. யார் செயலாக்கத்தை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம் என்பதுதான் இந்த வரையறையின் வாக்குறுதியே. விதிகளும் இதை நேரடியாகத் தடுக்கின்றன, வரையறைக்கு உரிய பேக்கேஜ் பெயருக்குள் பொது வகைகளைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மெத்தடை எடுத்து எங்கள் சொந்தப் பேக்கேஜில் ஒரு துணைக் கிளாஸாக வைத்தோம். ஏபிஐ ஃபைல்களையும் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டு, வெளியிடப்பட்ட ஏபிஐ ஜாரையே வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொண்டோம். முதல் நாளே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது, என் கணினியில் தேறி, பில்ட் இயந்திரத்தில் விழுந்த டெஸ்ட்கள். என்னிடம் ஜாவா 21. ஜகார்த்தா இஇ 10 குடும்பத்துக்குக் குறைந்தபட்சம் ஜாவா 11 என்பதால் பில்ட் இயந்திரத்தில் 11 வைத்திருந்தோம். அங்கே ஆஸ்கிக்கு (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதிக்கு) வெளியே உள்ள எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியாக வெளியே வந்தன. காரணம், எழுதும் பகுதியில் ஒரே ஓர் இடத்தில் சரத்தை பைட்டாக்கும்போது எழுத்துக் குறியேற்றத்தைச் சொல்லாமல் விட்டிருந்தேன். ஜாவா 18 முதல் சொல்லாவிட்டால் யுடிஎஃப்-8. அதற்கு முன்பு, இயங்குதளம் என்ன சொல்கிறதோ அது. கன்டெய்னருக்குள் மொழி அமைப்பு எதுவும் இல்லாததால் அது ஆஸ்கி என்று சொல்லியிருக்கிறது. ஒரு வார்த்தை சேர்த்ததும் தீர்ந்தது. என் கணினியில் மட்டும் ஓட்டிவிட்டு விட்டிருந்தால் இது பயன்படுத்துகிறவரின் சர்வரில்தான் தெரிந்திருக்கும்.

இப்படி ஒவ்வொன்றாக அடைத்து, ஒரு கட்டத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மட்டும் டெஸ்ட்கள் மிச்சம் இருந்தன. எல்லோருக்கும் உற்சாகம். நான் திட்டத்தின் அறிமுக ஃபைலான ரீட்மீயில் ஒரு வரி சேர்த்தேன்: "டிசிகேயில் 98 சதவீதம் தேர்ச்சி." நேர்மையான வரி என்றுதான் நினைத்தேன், மறைக்கவில்லை, கூட்டிச் சொல்லவுமில்லை, மிச்ச இரண்டு சதவீதம் பாக்கி என்பதும் அதிலேயே தெரிகிறது.

உரிமங்களை வேலையாகவே பார்க்கும் தோழி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தார். "அந்த டிசிகே ஜிப்புக்குள்ள இருக்குற லைசென்ஸைப் படிச்சீங்களா?" படிக்கவில்லை. திறமூலத் திட்டம்தானே, அதில் என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்பு. அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் உரிமம் அது, எக்லிப்ஸ் அறக்கட்டளை டிசிகே உரிமம் என்று பெயர். அதன் ஷரத்துகள் ஒவ்வொன்றும் எங்கள் பில்டில் ஏதோ ஓர் இடத்தைத் தொட்டன.

அதன் சாரம் இது. இந்தத் தொகுப்பை இணக்கத்தைச் சோதிப்பதற்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். அதன் ஆவணமே அனுமதித்த இடங்களைத் தவிர எதையும் மாற்றக்கூடாது. இணக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லும் முன்னால், எல்லாத் தேவைகளையும் முழுதாக நிறைவேற்றியதைக் காட்டும் முடிவுகளை உங்கள் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும், இணைப்பை அறக்கட்டளைக்கு அனுப்ப வேண்டும். அந்த இணைப்பு, உங்கள் மென்பொருள் புழக்கத்தில் இருக்கும் காலம் முழுக்க உயிரோடு இருக்க வேண்டும். தேறிவிட்டதனாலேயே அவர்களுடைய பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தும் உரிமை வந்துவிடாது. உங்கள் கூற்று தவறானது அல்லது தவறாக வழிநடத்துவது என்று அவர்கள் நியாயமாக முடிவுசெய்து கேட்டால் அதைத் திரும்பப் பெற வேண்டும். அப்புறம், என்னை நேராகத் தாக்கிய ஷரத்து: பகுதி இணக்கம் என்ற எந்தக் கூற்றுக்கும் இந்தத் தொகுப்பை ஆதாரமாகக் காட்டக்கூடாது.

அதாவது என் "98 சதவீதம்" அளவில் உண்மை, உரிமப்படி மீறல். முதலில் எனக்கு இது அநியாயமாகத்தான் பட்டது. யோசிக்க யோசிக்க நியாயம் புரிந்தது. டெஸ்ட்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. விழுந்த இரண்டு சதவீதம் யாரும் தொடாத ஒரு மூலையாகவும் இருக்கலாம், எல்லோரும் தினமும் நடக்கும் வாசலாகவும் இருக்கலாம். சதவீதத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. எங்கள் விஷயத்தில் விழுந்தவற்றில் ஒன்று, ஸ்ட்ரீமைப் படித்து முடித்ததும் மூடும் நடத்தை பற்றியது. ஃபைல் படிக்கும் ஒவ்வொருவரையும் அது பாதித்திருக்கும். "98" என்ற எண்ணைப் பார்த்து யாராவது எடுத்துப் போட்டிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

வரியை அழிப்பது எளிதென்று நினைத்தேன், அதுவும் இல்லை. ரீட்மீயில் அழித்தேன். களஞ்சியத்தின் சிறு விவரிப்பிலும் இருந்தது, அழித்தேன். ஒரு சந்திப்பில் காட்டிய ஸ்லைடிலும் இருந்தது, மாற்றி ஏற்றினேன். ஆனால் ஜாவா லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான மேவன் சென்ட்ரலில் வெளியிட்டிருந்த ஜாரின் விவரிப்பிலும் அதே வரி இருந்தது. அங்கே ஒருமுறை வெளியிட்டது வெளியிட்டதுதான், திருத்தவோ நீக்கவோ வழி கிடையாது. விவரிப்பைத் திருத்தி அடுத்த பதிப்பை வெளியிட்டு, பழைய பதிப்பின் கூற்றைத் திரும்பப் பெறுகிறோம் என்று வெளியீட்டுக் குறிப்பில் வெளிப்படையாக எழுதினோம். இப்போது வெளியீட்டுப் பணியில் ஒரு படி சேர்ந்திருக்கிறது: ரீட்மீ, விவரிப்பு, ஆவணங்கள் எல்லாவற்றிலும் "இணக்கம்", "தேர்ச்சி", "சான்று" போன்ற சொற்களைத் தேடி, கிடைத்த ஒவ்வொரு வரியையும் ஒரு மனிதர் படித்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் ஜார் வெளியே போகும்.

உரிமத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாச்சி ஹார்மனி ஞாபகம் வந்தது. ஜாவாவின் அடிப்படைப் பதிப்பான ஜாவா எஸ்இயையே திறமூலமாக, சுயேச்சையாக எழுதுவதற்கு அப்பாச்சி அறக்கட்டளை 2005இல் தொடங்கிய திட்டம் அது. அப்போது ஜாவாவை வைத்திருந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொடுக்க முன்வந்த சோதனைத் தொகுப்பு உரிமம், சோதித்துத் தேறிய மென்பொருளை எந்தச் சாதனங்களில் பயன்படுத்தலாம் என்பதில் கட்டுப்பாடு வைத்தது. யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்பது அப்பாச்சியின் சொந்த உரிமத்தின் அடிப்படை, இரண்டும் சேராது. 2007 ஏப்ரலில் அப்பாச்சி திறந்த கடிதம் எழுதியது. அதே வருடம் ஆகஸ்டில் சன் ஒரு சமூக உரிமம் கொண்டுவந்தது, ஆனால் அது சன்னின் சொந்தத் திறமூலச் செயலாக்கமான ஓப்பன்ஜேடிகேயிலிருந்து பெருமளவு கிளைத்த செயலாக்கங்களுக்கு மட்டும்தான். சொந்தமாக எழுதிய ஹார்மனிக்குப் பொருந்தாது. 2010 டிசம்பரில் ஜாவாவின் நிர்வாகக் குழுவிலிருந்து அப்பாச்சி விலகியது, 2011 நவம்பரில் ஹார்மனி மூடப்பட்டது. நிரல் இருந்தது, எழுத ஆட்கள் இருந்தார்கள், ஆனால் சோதனையை ஓட்ட அவர்கள் ஏற்றுக்கொள்ளக்கூடிய உரிமம் கிடைக்கவில்லை. எங்களைப் போல மூன்று பேர் ஒரு ஜிப்பை இலவசமாக இறக்கி, யாரிடமும் கையெழுத்துப் போடாமல் ஓட்ட முடிகிறது என்றால், அந்தச் சண்டையை நினைத்துப் பார்க்கும்போது அது சின்ன விஷயமே அல்ல.

மற்ற இடங்களிலும் இதே கேள்விதான், விடை மட்டும் வேறு வேறு. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தின் நிரல் யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்து, ஆனால் அதன் டிஎச்3 சோதனைத் தொகுப்பு தனியுடைமை. வல்கன் கிராஃபிக்ஸுக்கான சோதனைத் தொகுப்பின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது, ஆனால் வல்கன் என்ற பெயரை உங்கள் பொருளின்மீது ஒட்ட, வல்கனை வரையறுக்கும் க்ரோனோஸ் குழுவின் அங்கீகார வழியாகத்தான் போக வேண்டும். சோதனை நிரல் திறந்திருப்பது ஒன்று, அதை வைத்துக் கூற்று வைக்கும் உரிமை வேறொன்று. நான் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் தப்பு செய்தேன்.

அதே குழப்பம் இன்னொரு இடத்திலும் இருந்தது. அதுவரை நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தது, மூலநிரலிலிருந்து நாங்களே பில்ட் செய்த டிசிகே. மூலநிரல் இபிஎல் 2.0 என்ற எக்லிப்ஸின் திறமூல உரிமத்தில் இருக்கிறது, அதை மாற்றலாம், பிழைதிருத்தியை வைத்து உள்ளே நுழைந்து பார்க்கலாம், எல்லாம் செய்யலாம். ஆனால் இணக்கத்துக்கு எண்ணப்படுவது அதிகாரபூர்வமாக வெளியிட்ட பைனரி மட்டும், ஒரு பைட்டும் மாறாமல். எனவே இரண்டு மேடைகள் ஆக்கினோம். தினசரி வேலைக்கு மூலநிரல் மேடை, விரும்பியபடி லாக் சேர்க்கலாம், ஒற்றை டெஸ்டைத் திரும்பத் திரும்ப ஓட்டலாம். வெளியீட்டுக்கு பைனரி மேடை: ஜிப்பை இறக்கியதும் அதன் ஷா-256 கூட்டெண்ணை (ஃபைல் ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்ணை) வெளியிட்ட கூட்டெண்ணோடு ஒப்பிடும், பொருந்தாவிட்டால் ஓடாது. பைனரி மேடையின் ஸ்கிரிப்டில் டெஸ்டைத் தவிர்க்கும் வசதியே கிடையாது. தவிர்க்க வேண்டியவை இருந்தால் அவற்றைத் தொகுப்பை வெளியிட்டவர்கள்தான் அறிவிப்பார்கள்.

அடுத்து வந்த விதிதான் மூவருக்குள்ளும் நீண்ட வாக்குவாதத்தைக் கிளப்பியது. டிசிகே கையேட்டில் இணக்க விதிகள் என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. அதன் முதல் விதி, பொருளின் எல்லா அமைப்புகளிலும், அமைப்புகளின் எல்லாச் சேர்க்கைகளிலும் அது தேற வேண்டும் என்கிறது. நாங்கள் ஆவணத்தில் சொல்லியிருந்த ஸ்விட்ச்கள் மூன்று. ஒன்று, கமெண்ட்டையும் கடைசிக் காற்புள்ளியையும் பொறுத்துக்கொள்ளும் தளர்வான வாசிப்பு. இரண்டாவது, நினைவகச் சேமிப்பு. மூன்றாவது, எண்களைத் தாமதமாக மாற்றுவது. மூன்று ஸ்விட்ச் என்றால் எட்டுச் சேர்க்கை. எட்டிலும் ஓட்டலாம், நேரம்தான் ஆகும். ஆனால் தளர்வான வாசிப்பு இருக்கும் நான்கு சேர்க்கைகளிலும் எத்தனை நேரம் ஓட்டினாலும் தேறாது, ஏனென்றால் தவறான ஜேசனைக் கண்டால் எக்ஸப்ஷன் எறிய வேண்டும் என்பதே வரையறை.

"இயல்பாக அணைந்துதானே இருக்கிறது, விட்டுவிடலாம்" என்று ஒருவர் சொன்னார். விதியை நேராகப் படித்தால் பயன்படுத்துகிறவர் மாற்றக்கூடிய, ஆவணத்தில் சொன்ன எந்தத் தேர்வும் கணக்கில் வரும், இயல்பு நிலை மட்டுமல்ல. கடைசியில் தளர்வான வாசிப்பைத் தனி ஜாராகப் பிரித்தோம். தனிப் பெயர், தனிக் கிளாஸ், ஜகார்த்தா இன்டர்ஃபேஸ் எதையும் அது செயல்படுத்தாது, அதைப் பற்றி இணக்கக் கூற்றும் கிடையாது. நினைவகச் சேமிப்பு ஸ்விட்சை நீக்கிவிட்டோம், அளந்து பார்த்ததில் அதனால் பெரிய பலன் எதுவும் இல்லை. மிச்சம் ஒன்று, இரண்டு ஓட்டம். ஒரு ஸ்விட்ச் சேர்த்தால் சோதனை இரட்டிக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, புதிதாக ஸ்விட்ச் கேட்டு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் நான் இப்போது நிறைய யோசிக்கிறேன்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எல்லாம் பச்சை, இந்த முறை உண்மையான பச்சை. அதற்கு மறுநாள் சும்மா ஒரு சோதனை எழுதினேன்: ஒரே ஒரு எழுத்து உள்ள சரம், மேற்கோள்குறிக்குள் "அ", அவ்வளவுதான் முழு ஜேசன். யுடிஎஃப்-16 குறியேற்றத்தில் சிறுமுனை வரிசையில் (எழுத்தெண்ணின் சிறிய பகுதி முதலில் வரும்படி) எழுதி, பைட் ஸ்ட்ரீமாகக் கொடுத்தேன். பார்சர் விழுந்தது. சரத்துக்குள் கட்டுப்பாட்டு எழுத்து இருக்கிறது என்று புகார்.

பைட்களை வரிசையாகப் பார்த்தேன்: 34, 0, 133, 11, 34, 0. மேற்கோள்குறி 34, "அ" யூனிகோடில் 2949, அதாவது 11ஐ 256ஆல் பெருக்கி 133 கூட்டினால் வருவது. எல்லாம் சரி. குறியேற்றத்தைக் கண்டுபிடிக்க எங்கள் நிரல் 2006இல் வந்த ஆர்எஃப்சி 4627 கொடுத்த அட்டவணையைப் பின்பற்றியது. முதல் நான்கு பைட்டில் பூஜ்யம் எங்கெங்கே விழுகிறது என்று பார்க்கும் அட்டவணை: இரண்டாவதும் நான்காவதும் பூஜ்யமாக இருந்தால் சிறுமுனை யுடிஎஃப்-16. இங்கே இரண்டாவது பூஜ்யம், நான்காவது 11. எந்த வரிசையிலும் பொருந்தவில்லை, எனவே யுடிஎஃப்-8 என்று முடிவுகட்டியது. அடுத்து வந்த 0ஐக் கட்டுப்பாட்டு எழுத்தாகப் பார்த்து எறிந்துவிட்டது.

அந்த அட்டவணை வந்த காலத்தில் அது தவறே அல்ல. 4627இன்படி ஜேசன் என்றால் மேல்மட்டத்தில் ஆப்ஜெக்ட் அல்லது அரே மட்டும்தான், ஆகவே முதல் இரண்டு எழுத்துகள் எப்போதும் ஆஸ்கிதான். 2014இல் ஆர்எஃப்சி 7159 வந்து, எந்த மதிப்பும் மேல்மட்டத்தில் தனியாக நிற்கலாம் என்றது. அந்த நிமிடமே "இரண்டு எழுத்தும் ஆஸ்கி" என்ற அஸ்திவாரம் போய்விட்டது, ஆனால் அட்டவணை மட்டும் ஊரெல்லாம் உள்ள நிரல்களில் நகலாகி உட்கார்ந்துவிட்டது. முதல் எழுத்து மட்டும் இன்றைக்கும் ஆஸ்கிதான், அது போதும். முதல் பைட் பூஜ்யம் இல்லாமல் இரண்டாவது பூஜ்யம் என்றால் சிறுமுனை. அதற்கு அடுத்த இரண்டும் பூஜ்யம் என்றால் யுடிஎஃப்-32, இல்லையென்றால் 16. முதல் பைட்டே பூஜ்யமாக இருந்து இரண்டாவதும் பூஜ்யம் என்றால் பெருமுனை 32, இரண்டாவது வேறெதுவாக இருந்தாலும் பெருமுனை 16. பூஜ்ய எழுத்து ஜேசனுக்குள் நேரடியாக வரவே கூடாது என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. 5 என்ற ஒற்றை இலக்கம் யுடிஎஃப்-16இல் இரண்டே பைட்தான், நான்கு பைட் வரும்வரை காத்திருந்தால் அதுவும் விழும். அதையும் சேர்த்துச் சரிசெய்தேன்.

இதை டிசிகே பிடிக்கவில்லை. தொகுப்பின்மீது மறுப்பு எழுப்பலாமா என்று பார்த்தேன். அதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது: டெஸ்ட் வரையறைக்கு முரணாக இருந்தால், வரையறை கேட்காததைக் கேட்டால், ஒரு குறிப்பிட்ட செயலாக்கத்தைச் சார்ந்திருந்தால் மறுப்பு எழுப்பலாம். டெஸ்ட் போதவில்லை, இன்னின்னது விடுபட்டிருக்கிறது என்பது செல்லுபடியாகும் மறுப்பு அல்ல. எனவே டிசிகேயில் தேறிவிட்டோம் என்பதன் பொருள் அந்த டெஸ்ட்களில் தேறிவிட்டோம் என்பதுதான். எங்கள் சொந்தச் சோதனைகளை அதன் பக்கத்திலேயே வைத்துத் தொடர்ந்து ஓட்டுகிறோம்.

எண்களிலும் இப்படி ஒரு முடிச்சு. ஜேசன்நம்பர் சமத்துவம் என்றால் அவற்றின் பிக்டெசிமல் (ஜாவாவின் துல்லியமான தசம எண் வகை) மதிப்புகள் சமமாக இருக்க வேண்டும் என்கிறது ஏபிஐ ஆவணம். பிக்டெசிமலின் சமத்துவம் தசம இடங்களையும் பார்க்கும், அதன் கணக்கில் 2.0ம் 2.00ம் வேறு வேறு. ஆனால் பேட்ச் பற்றிய ஆர்எஃப்சி 6902, டெஸ்ட் என்ற செயலில் எண்கள் மதிப்பால் சமமானால் சமம் என்கிறது. ஏபிஐ அந்த ஆர்எஃப்சியைத்தான் செயல்படுத்துவதாகச் சொல்கிறது. யாரைக் கேட்பது? பழைய ஜாவா நடைமுறையாக இருந்தால் அதிகாரபூர்வ முன்மாதிரிச் செயலாக்கம் என்ன செய்கிறதோ அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஜகார்த்தாவில் அப்படி ஒரு தலைமைச் செயலாக்கம் கிடையாது, இணக்கமான செயலாக்கங்கள் மட்டும்தான், எழுதிய வரையறையே தீர்ப்பு. பேட்சின் டெஸ்ட் செயலுக்கு மட்டும் மதிப்பால் ஒப்பிடுவது, மற்ற எல்லா இடத்திலும் ஏபிஐ சொன்னபடி என்று முடிவெடுத்து, காரணத்தை நிரலுக்கு மேலேயே நாலு வரி எழுதிவைத்தேன். என் வாசிப்பு சரி என்றே நம்புகிறேன்.

முடிவுகளை வெளியிடுவது சுலபம் என்று நினைத்திருந்தோம், சிஐ (தானியங்கி பில்ட்) ஓட்டத்தின் இணைப்பைக் கொடுத்தால் போதுமே என்று. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் லாக்குகளும் கோப்புகளும் இயல்பாக 90 நாள்தான் தங்கும். உரிமமோ பொருள் புழக்கத்தில் இருக்கும்வரை என்கிறது, மேவன் சென்ட்ரலில் போட்ட ஜார் என்றைக்கும் புழக்கத்தில்தான் இருக்கும். எனவே ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு நிலையான பக்கம் தானாக உருவாகும்படி செய்தோம். பதிப்பு எண் முகவரியிலேயே இருக்கும். தேறிய எண்ணிக்கை, டிசிகேயின் கூட்டெண், எங்கள் ஜாரின் கூட்டெண், எந்த ஜாவா, எந்த இயங்குதளம், முதலில் சொன்ன அந்த ப்ரொவைடர் லாக் வரி, எல்லாம் அதில் இருக்கும். பழைய பக்கத்தின்மேல் புதிது எழுதப்படாது.

கடைசிப் படி, வரையறைத் திட்டத்தின் களஞ்சியத்தில் சான்றுக் கோரிக்கை பதிவது. படிவத்தில் கேட்கும் விவரங்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கத்திலேயே தயாராக இருந்ததால் பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டேன், இரண்டு இடங்களைத் தவிர. ஒன்று நிறுவனத்தின் பெயர். இன்னொன்று, டிசிகே உரிமத்தின் நிபந்தனைகளை அந்த நிறுவனம் ஏற்கிறது என்ற உறுதிமொழி. நாங்கள் நிறுவனம் அல்ல, பதிவு செய்த அமைப்பும் அல்ல, மூன்று பேர். திட்டத்தின் பெயருக்கு எந்தச் சட்ட உருவமும் இல்லை. அந்தப் பெயரில் ஒப்புக்கொண்டால் ஒப்புக்கொண்டது யார்? தோழியிடம் திரும்பக் கேட்டேன். "நாளைக்கு அந்தக் கூற்றைத் திரும்ப வாங்குங்கன்னு மெயில் வந்தா யார் வாங்குவீங்களோ, அவங்க பேர் போடுங்க" என்றார்.

உரிமத்தை மூவரும் சேர்ந்து ஒவ்வொரு ஷரத்தாகச் சத்தமாகப் படித்தோம். அப்புறம் என் பெயரில் பதிந்தேன். முடிவுகள் இருக்கும் தளத்தின் டொமைன் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியது என்பதால் அதன் தேதி இப்போது மூன்று பேரின் காலண்டரிலும் இருக்கிறது.